தறிக்கு எதிரே ஒரு கெளுத்தி

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் வளர்ப்பு மீன் கடை வைத்திருப்பவனிடம் முதலில் விலை கேட்பவர்கள் குறைவு. "இது நம்மளப் பாக்குமாப்பா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். கேட்கிறவர் பெரும்பாலும் தறியில் உட்காருகிறவராக இருப்பார். காலையில் குழிக்குள் காலை இறக்கினால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். கண் பாவில், கை நாடாவில். டிவி போட்டால் கை நின்றுவிடும். கோர்வைப் புடவையில் ஓர் இழை தப்பினாலும் கூலியில் தெரியும். எதிர்ச் சுவரோரம் சத்தமில்லாமல் ஏதாவது அசைந்துகொண்டிருந்தால், தலையை நிமிர்த்தும் நேரத்தில் அதைப் பார்க்கலாம், அதுவும் தன்னைப் பார்க்கலாம். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கோல்டுஃபிஷ், கப்பி, ஏஞ்சல் எல்லாம் இந்தத் தெருக்களில் வந்து போனவை. ஃப்ளவர்ஹார்ன் மோகமும் ஒரு காலத்தில் வீடு வீடாகப் பரவியது. அது ஆளைப் பார்க்கும், ஆனால் கூட வேறெதையும் வாழவிடாது. நடுத்தர அளவுக் கெளுத்தி வகைகளை நான் சிபாரிசு செய்யக் காரணம் இருக்கிறது. அதுவும் பசிக்குத்தான் வருகிறது, அதில் ஏமாற்றிக்கொள்ள வேண்டாம். ஆனால் அதன் வருகையே தனி. மீசையால் கண்ணாடியைத் தடவி, மண்ணைக் கிளறி, தீனி போடும் கையைத் தேடிக்கொண்டு வரும். அதன் நாக்கு வாய்க்குள் மட்டும் இல்லை. மீசையிலும் தோல் முழுக்கவும் சுவை மொட்டுகள் உண்டு. வட அமெரிக்கக் கெளுத்தி ஒன்றில் அந்த மொட்டுகளின் எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டுகிறது.

நடுத்தர அளவு என்று நான் சொல்வது வளர்ந்த பிறகு 5 முதல் 8 அங்குலம் வரை இருக்கிற மீன். அதற்குக் குறைந்தால் தறிக் குழியிலிருந்து பார்க்கிறவர் கண்ணுக்கு எட்டாது. கோரிடோரஸ் அருமையான மீன், ஆனால் கிட்டே உட்கார்ந்து பார்க்க வேண்டியது. கூடினால் வீடு தாங்காது. கடைத் தொட்டியில் 2 அங்குலத்தில் வெள்ளியாய் மின்னுகிற 'ஷார்க்' உண்மையில் மேகாங் நதியின் பங்காசியஸ் கெளுத்தி. ஒரு மீட்டருக்கு மேல் வளரும் சாதி அது. அதற்கு முன்பே பயந்து கண்ணாடியில் மோதி மூக்கை உடைத்துக்கொள்ளும். கைபேசியில் வீடியோ பார்த்துவிட்டு வரும் பையன்கள் கேட்பது ரெட்டெயில். அமேசானிலிருந்து வந்த மீன். கெளுத்திகளிலேயே ஆளோடு அதிகம் பழகுவது அதுதான் என்று ஒப்புக்கொள்கிறேன், கையில் வாங்கித் தின்னும். ஆனால் அதுவும் ஒரு மீட்டரைத் தாண்டும், தொட்டியில் கூட இருக்கிற எல்லாவற்றையும் விழுங்கும். 4 அடித் தொட்டிக்காரருக்கு நான் அதை விற்பதில்லை. "பெருசானா சர்வதீர்த்தத்துல விட்டுடலாம்ணா" என்று ஊர்க் குளத்தைச் சொல்லி ஒரு பதில் தயாராக வைத்திருப்பார்கள். அதற்காகவே விற்பதில்லை.

சக்கர் மீனும் அப்படித்தான். 'தொட்டியைச் சுத்தம் பண்ணும்' என்று சொல்லிச் சொல்லியே அது தமிழ்நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது. தொட்டியை அது சுத்தம் செய்வதில்லை. பாசியைக் கொஞ்சம் சுரண்டும், அதைவிட அதிகமாகக் கழியும், ஓர் அடிக்கு மேல் வளரும். வளர்ந்ததைக் கொண்டுபோய் நீர்நிலையில் விட்டவர்களால் இன்று பல ஏரிகளில் மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. ஆல்பினோ என்று வெள்ளையாக வருகிற ஆப்பிரிக்கக் கெளுத்தியை அறவே தொடாதீர்கள். நம் நாட்டில் வளர்க்கத் தடை செய்யப்பட்ட மீன் அது. ஈரம் இருந்தால் தொட்டியை விட்டு இறங்கித் தரையில் நகர்ந்தே போய்விடும்.

வருகிறவரிடம் நான் கேட்பது ஒரே கேள்வி: உங்கள் வீட்டில் எந்த நேரத்தில் யார் விழித்திருக்கிறார்கள்?

கெளுத்திகளில் பாதிக்கு மேல் இரவில் திரிபவை. பகலில் குழாய்க்குள் முடங்கும். பகல் முழுக்கத் தறியில் இருப்பவருக்கு அப்படிப்பட்ட மீனை விற்றால், அவர் வீட்டில் இருப்பது ஒரு காலித் தொட்டி. ஆனால் இப்போது பிள்ளையார்பாளையத்தில் எல்லா வீட்டிலும் தறி ஓடவில்லை. பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனிகளுக்குப் போகிறார்கள். இரண்டாவது ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும்போது தெரு அடங்கியிருக்கும். அப்படி ஒரு தம்பிக்கு வரிக்கோட்டு ரஃபேல் கெளுத்தியைத்தான் கொடுத்தேன். கறுப்பு உடம்பில் வெள்ளைப் பட்டை, பக்கவாட்டில் முள் வரிசை, வளர்ந்தால் 8 அங்குலம் வரும். பகலில் அவன் அம்மா அதைப் பார்த்ததே இல்லை என்று திட்டினார். இரவில் மங்கலான நீல விளக்குக்குக் கீழே அவன் சாப்பாட்டுத் தட்டோடு உட்காரும்போது அது முழுத் தொட்டியையும் சுற்றும். இரண்டு பேரும் ஒரே ஷிஃப்ட்.

பகல்காரருக்கு எது என்பதைத் தண்ணீர்தான் முடிவு செய்யும். எங்கள் பகுதி ஆழ்துளைத் தண்ணீர் கடினமானது. டிடிஎஸ் மீட்டர் ஒரு வீட்டில் ஐந்நூறு காட்டும், நாலு வீடு தள்ளி ஆயிரத்தைத் தாண்டும். பக்கெட்டில் வெள்ளைக் கறை படிகிற வீடு என்றால் மீட்டரே வேண்டாம். பாலாற்றுப் படுகையிலிருந்து வருகிற குழாய்த் தண்ணீர் பரவாயில்லை, ஆனால் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைக்க வேண்டும். பிக்டஸ் என்கிற வெள்ளியில் கறுப்புப் புள்ளி வைத்த கெளுத்தி பகலிலேயே ஓயாமல் நீந்தும். மீசை வால் வரைக்கும் நீளும், பார்க்க அத்தனை அழகு. ஆனால் அது அமேசான், ஒரினோகோ நதிகளின் மென்னீரில் பிறந்தது. ஆர்.ஓ. தண்ணீர் கலந்து வைக்கிற பொறுமை இருந்தால் வாங்கலாம். ஒன்றாக வாங்காமல் மூன்று நான்காக வாங்க வேண்டும், நியான் டெட்ரா உள்ள தொட்டியில் விடவே கூடாது. காலையில் எண்ணினால் டெட்ரா குறையும்.

எங்கள் தண்ணீருக்கு ஆப்பிரிக்கச் சினோடான்டிஸ்கள் தோதானவை. அதிலும் ஃபெதர்ஃபின் என்று சென்னை கொளத்தூர் மீன் சந்தையில் கேட்டால் தருவது, நைல், நைஜர், சாட் படுகைகளில் வாழும் யூப்டெரஸ். குட்டியில் சாதாரணமாக இருக்கும். வயது ஏற ஏற முதுகுத் துடுப்பு விசிறியாக விரியும். தொட்டியில் 8 அங்குலம் வரை வரும், பத்து வருஷத்துக்கு மேல் இருக்கும். கையில் எடுத்தால் கீச்சென்று கத்தும். தொண்டையால் அல்ல, பக்கத் துடுப்பின் முள்ளைக் குழியில் தேய்த்து எழுப்புகிற சத்தம். தன் இனத்தோடு சண்டை பிடிக்கும் என்பதால் ஒன்று மட்டும் போதும். சந்தையில் கலப்பினங்கள் நிறைய ஓடுகின்றன. இரண்டு மூன்று சாதியைக் கலந்து பண்ணையில் எடுத்ததை அரிய வகை என்று விலை ஏற்றிச் சொல்வார்கள். கலப்பு என்பதால் மீன் கெட்டது என்றில்லை, அரிய விலை மட்டும் கொடுக்காதீர்கள். தலைகீழாக நீந்துகிற நைக்ரிவென்ட்ரிஸ் இதே குடும்பம், காங்கோ பக்கத்தது. மற்ற மீன்களுக்கு வயிறு வெளுத்து முதுகு கறுத்திருக்கும், இதற்கு வயிறுதான் கறுப்பு. குழந்தைகள் இருக்கிற வீட்டில் இதற்கு ஈடில்லை, ஆனால் 4 அங்குலத்தோடு நின்றுவிடும்.

இன்னொன்று உண்டு, சொன்னால் சிரிப்பார்கள். நம் ஏரிக் கெளுத்தி. உடம்பில் நீளக்கோடு போட்ட சின்ன ஜாதி, மிஸ்டஸ் விட்டாட்டஸ். "கொழம்பு வைக்கிறத கண்ணாடித் தொட்டியில விடுவாங்களா?" என்று ஒரு பெரியம்மா கேட்டார். ஐந்தாறு சேர்த்து விட்டுப் பாருங்கள். தனியாக விட்டால் ஒளியும், கூட்டமாக விட்டால் பட்டப்பகலில் தொட்டியைக் குத்தகைக்கு எடுத்துக்கொள்ளும். இந்த மண்ணின் வெயிலும் தண்ணீரும் அதற்குப் புதிதல்ல, ஹீட்டர் வேண்டாம், விலையும் ஒன்றுமில்லை. கேரளத்து மஞ்சள்கூரி இன்னும் அழகு. தோளில் கறுப்புப் பொட்டும் மஞ்சள் மேனியுமாக இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளில் மட்டும் உள்ள ஹோராபாக்ரஸ், அழிவு நோக்கிப் போகிற இனம். அதைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்யும் முறை வந்துவிட்டது. பண்ணையில் பிறந்தது என்று உறுதியானால் மட்டும் வாங்குங்கள். ஆற்றில் பிடித்ததை நான் விற்பதில்லை.

தறிச் சத்தம் மீனைக் கொல்லாதா என்று கேட்பவர்கள் உண்டு. அது நியாயமான கேள்வி. கெளுத்திக்கும் கெண்டைக்கும் காற்றுப்பையிலிருந்து உள்காதுக்குச் சின்ன எலும்புச் சங்கிலி ஒன்று போகிறது. வெபர் என்ற ஜெர்மானிய உடற்கூற்றியலார் 1820இல் விவரித்தது. தண்ணீரில் வருகிற அதிர்வை அது காதுக்குக் கொண்டு சேர்க்கிறது. ஆகவே பலகை அடிக்கிற ஒவ்வோர் அடியும் மீனுக்குக் கேட்கும். முதல் சில நாள் மிரளும். பிறகு அந்தச் சத்தம் அதற்கு வீட்டின் ஒரு பகுதியாகிவிடும். ஒழுங்காக வருகிற சத்தத்துக்கு மீன் பழகும், திடீரென்று கண்ணாடியைத் தட்டுகிற விரலுக்குப் பழகாது.

கார்ல் வான் ஃப்ரிஷ் என்றால் தேனீ நடனத்தைக் கண்டுபிடித்தவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். 1973இல் நோபல் வாங்கினார். அவர் 1923இல் ஒரு கட்டுரை எழுதினார், விசில் அடித்தால் வருகிற ஒரு சின்னக் கெளுத்தியைப் பற்றி. பார்வை இல்லாத மீன். குழாய்க்குள் ஒளிந்திருக்கும். ஒவ்வொரு முறையும் விசில் அடித்துவிட்டுத் தீனி கொடுத்தார். சில நாள் கழித்து விசில் கேட்டாலே குழாயை விட்டு வெளியே வந்து தேடியது. மீனுக்குக் காது கேட்காது என்று அறிவாளிகளே சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இதையே தலைகீழாகப் பார்த்தேன். அங்கே தறி நின்றதும் ஃபெதர்ஃபின் குகையை விட்டு வெளியே வரும். பெரியவர் மதியச் சாப்பாட்டுக்கு எழும்போது, கை கழுவுவதற்கு முன் அதற்கு நாலு உருண்டை போடுவார். சத்தம் நின்றால் சோறு என்று அது கணக்குப் பண்ணிவிட்டது. இழை அறுந்து நடுவில் தறி நின்றாலும் வந்து எட்டிப் பார்க்கும். "நம்ம மேஸ்திரி வந்துட்டாரு" என்பார்.

எந்தக் கெளுத்தியையும் இப்படி வெளியே இழுக்கலாம், ஒன்று கூடுதலாக வரும், ஒன்று குறைவாக வரும். வழி எளிதுதான். ஒரே ஆள், ஒரே இடம், ஒரே அடையாளம். முதலில் விளக்கை அணைக்கும் நேரத்தில் தீனி. அது வந்து தின்னப் பழகியதும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் இழுத்து, மாலை வெளிச்சத்துக்கும் பிறகு மதியத்துக்கும் கொண்டு வர வேண்டும். குகையைத் தொட்டியின் பின்மூலையில் வைத்து வாயைச் சுவர்ப்பக்கம் திருப்புவார்கள், அழகு என்று. வாய் நம்மைப் பார்த்து இருக்கட்டும். ஒளிந்திருக்கும்போதே வெளியே நடப்பதை அது பார்த்துக்கொண்டிருந்தால் சீக்கிரம் தைரியம் வரும். குகையே வைக்காவிட்டால் எப்போதும் தெரியுமே என்று நினைக்காதீர்கள். ஒளிய இடம் இல்லாத கெளுத்தி மூலையில் ஒட்டிக்கொண்டு அசையாது.

பட்டு ஊர் என்பதால் பட்டுப்புழுக் கூட்டைத் தீனியாகப் போடுகிறீர்களா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். இங்கே கூடு கிடையாது. கர்நாடகத்திலிருந்து நூலாகத்தான் வருகிறது. மூழ்குகிற பெல்லட்தான் முக்கியத் தீனி. சைவ வீடுகளில் புழு போட மாட்டோம் என்பார்கள். வேகவைத்த பட்டாணியைத் தோல் உரித்துப் போட்டால் பல கெளுத்திகள் தின்னும். ஆனால் அசலான சைவக் கெளுத்தி என்று எதையும் என்னால் கொடுக்க முடியாது, பெல்லட்டே மீன் தூள்தான். அதைச் சொல்லியும் விடுகிறேன்.

2012இல் சென்னைக்கு வெளியே கரண்ட் பத்து மணி நேரத்துக்கு மேல் போய்க்கொண்டிருந்தது நினைவிருக்கும். கைத்தறிக்குக் கரண்ட் வேண்டாம், ஓடிக்கொண்டே இருந்தது. ஏர் பம்ப் நின்றது. சித்திரை வெயிலில் தண்ணீர் சூடேறினால் அதில் கரைகிற காற்றும் குறையும். தொட்டி தொட்டியாக மீன் மேலே வந்து வாய் பிளந்தது. அந்த வருஷம்தான் ஹோப்லோ மீது எனக்கு மரியாதை வந்தது. தென்னமெரிக்கக் கெளுத்தி, பழுப்பு நிறம், 5 அல்லது 6 அங்குலம், உடம்பில் இரண்டு வரிசை எலும்புத் தகடு. மேலே பாய்ந்து ஒரு வாய் காற்றை விழுங்கிக் குடலாலேயே சுவாசிக்கும். சதுப்பில் வாழ்ந்து பழகியது. ஆண் மீன் நுரையால் கூடு கட்டிக் குஞ்சு காக்கும். நிறம் கேட்பவர்கள் அதை ஒதுக்குவார்கள். ஆனால் பகலில் திரியும், கூட்டத்தோடு ஒத்துப்போகும், கைக்குச் சீக்கிரம் வரும். எப்போதாவதுதான் கொளத்தூரில் கண்ணில் படுகிறது. பட்டால் விடமாட்டேன். ஒரே ஒரு மீன் சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் என் விரல் அங்கேதான் போகும்.

இதன் பெரிய அண்ணன் ட்ரினிடாடில் கறிக்கு ஆகிற மீன். அங்கே பெயர் கஸ்கதூரா. அதைத் தின்றவன் எங்கே போனாலும் கடைசி நாளில் ட்ரினிடாடுக்கே திரும்புவான் என்று அந்த ஊர் நம்புகிறது. 1972இல் இந்த நம்பிக்கையைத் தலைப்பாக்கி நாவல் எழுதிய சாமுவேல் செல்வோனின் தகப்பனார் மதராஸிலிருந்து போன தமிழர். எங்கள் கடையில் இதைச் சொன்னால் வியாபாரம் கொஞ்சம் சூடு பிடிக்கும், மறைப்பானேன்.

கடையில் நின்று பொறுக்குவது தனிக் கலை. உள்ளே நுழைந்ததும் தொட்டியை ஒட்டி நிற்காதீர்கள். நாலடி தள்ளி நின்று, பிறகு மெதுவாகக் கிட்டே போங்கள். எல்லாம் பின்வாங்கும். எது முதலில் திரும்பி வருகிறது என்று பாருங்கள், அதுதான் உங்கள் மீன். ஓடாமலே கிடப்பது தைரியசாலி என்று நினைப்பவர்கள் நோயாளியை வாங்கிப் போவார்கள். மீசை முழுசாக இருக்க வேண்டும். கரடுமுரடான கல்லில் கிடந்த மீனுக்கு மீசை தேய்ந்து குச்சியாகியிருக்கும். உங்கள் தொட்டியிலும் அதற்காகவே மெல்லிய ஆற்றுமணல் போடுங்கள். வயிறு உள்ளே போயிருந்தால் வேண்டாம். 3 அங்குலம் நல்ல அளவு. அதைவிடச் சின்னது பயணத்தைத் தாங்காது, பெரியது பழைய பழக்கத்தை விடாது. கடைக்காரரிடம் கொஞ்சம் தீனி போடச் சொல்லுங்கள். முகம் சுளிக்கிற கடையில் வாங்காதீர்கள்.

வலையால் பிடிக்க விடாதீர்கள். பக்க முள் நிமிர்ந்து பூட்டிக்கொண்டால் வலையைக் கத்தரித்துத்தான் எடுக்க முடியும். டப்பாவால் முகந்து எடுப்பதே சரி. கவர் இரண்டு போட்டு நடுவில் செய்தித்தாள் வைத்தால் முள் குத்தி ஒழுகாது. இருட்டும் கிடைக்கும், சென்னையிலிருந்து காஞ்சிபுரம் வரைக்கும் பஸ் குலுக்கலில் மீன் அமைதியாக வரும். முள் கையில் குத்தினால் வலி பிராணனை எடுக்கும். பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் கையை வைத்திருந்தால் வலி இறங்கும். தேளி மீனின் விஷம் இதைவிடக் கடுமை, குழந்தை இருக்கிற வீட்டுக்குத் தேளி வேண்டாம்.

தறி இருக்கிற அறைக்குத் தொட்டி வைக்கும்போது மூடி கட்டாயம். குமிழி வெடிக்கிற துளி பாவில் பட்டால் பட்டில் கறை நிற்கும். அதனால் அங்கே குமிழி விடுகிற அலங்காரப் பொம்மையை நான் வைக்க மாட்டேன், தண்ணீருக்குள்ளேயே ஓடுகிற ஃபில்டர்தான். 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் 250 லிட்டர், அத்தனை கிலோ எடை. கெளுத்திக்கு உயரத்தைவிட அகலம் முக்கியம், அது தரையில் வாழ்கிறது. சாயம் தோய்க்கிற வீடென்றால் அந்தக் கையோடு தொட்டியைத் தொடக் கூடாது. செதில் இல்லாத தோல் எதையும் சீக்கிரம் உறிஞ்சும். வெள்ளைப்புள்ளி நோய் வந்தாலும் மருந்தைப் பாதி அளவிலிருந்து ஆரம்பிப்பதே என் வழக்கம்.

அமாவாசையன்று தறி ஓடாது, அன்றைக்குத்தான் என் கடையில் கூட்டம். தொட்டியையும் மீனையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு போகவே வருவார்கள். தொட்டியை மட்டும் கொடுத்து அனுப்புவேன். தண்ணீரில் அம்மோனியாவைத் தின்கிற பாக்டீரியா வளர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அடுத்த அமாவாசைக்கு வந்து தண்ணீரைப் பரிசோதித்துவிட்டு, மறுநாள் காலை தறி ஓட ஆரம்பித்த பிறகு மீனை விடுவோம். அமைதியான நாளில் விட்டால் அதுதான் வீடு என்று நினைத்து, மறுநாள் முதல் அடிக்கே துள்ளி மூடியில் மோதும். "பஜார்ல எல்லாம் ரெண்டையும் சேத்தே குடுக்கறான், நீ மட்டும் ஏம்பா இழுக்கற?" என்று கேட்பார்கள். கொடுக்கட்டும். அவர்களிடம் வாங்கிய மீன் மூன்றாம் நாள் மல்லாந்தால் அதற்கும் இங்கேதான் வருகிறார்கள்.